கல்லீரற் கொழுப்பு நோயும் நம் கடமையும்

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை)



நம் கழகம் ஓர் ஓட்டுக் கொட்டகையில் மாலை வகுப்பைத் தொடங்கியபோது, பாய் விரித்து அமர்ந்து பயின்ற முதல் அணி மாணவருள் நானும் ஒருவன். பகலெல்லாம் பிறர் வயலில் உழைத்துவிட்டு வந்த பெற்றோர், மாலையில் அக்கொட்டகையின் வாயிலில் நின்று தம் பிள்ளைகள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது. அந்தக் கொட்டகை இல்லையெனில் நான் மருத்துவன் ஆகியிருக்க இயலாது. ஆதலின் இம்மேடையில் நிற்பதை நான் எனக்குக் கிடைத்த பெருமையாகக் கருதவில்லை. பட்ட கடனைத் திருப்பிச் செலுத்தக் கிடைத்த வாய்ப்பாகவே கருதுகிறேன்.

செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, கல்வியும் முன்னேற்றமும் என்ற பொருள் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். நான் ஒரு நோயைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுதல் பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் ஆசிரியர்களை உருவாக்கினோம். எழுத்தர்களை, செவிலியர்களை, பொறியாளர்களை உருவாக்கினோம். அவர்கள் நாற்பத்தைந்து வயதில் நோயுற்று ஐம்பதில் மறைந்துபோவார்களாயின் நாம் அடைந்த முன்னேற்றம் யாருக்குப் பயன்படும்? ஆகவே, நான் எடுத்துக்கொண்ட பொருளும் முன்னேற்றம் பற்றியதே.

முதலில் என் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். எங்கள் பெற்றோர்க்கு மக்கள் எழுவர். மூத்தவர் என் பெரியண்ணன், கடைசி நான். எங்கள் தெருவில் முதன்முதலில் பட்டம் பெற்று அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியேற்றவர் அவர்தாம். மாதந்தோறும் அவர் அனுப்பிய பணத்தில்தான் நாங்கள் படித்தோம். அவர் மது அருந்தியதில்லை, புகைத்ததில்லை. எங்கள் தந்தையார் குடியினால் பட்ட துன்பத்தைக் கண்டு வளர்ந்தவராதலின், அந்தப் பொருளைக் கையால் தொடுவதில்லை என்று இளமையிலேயே உறுதி பூண்டவர்.

2007-ஆம் ஆண்டு, அவருடைய நாற்பத்து மூன்றாம் வயதில், கால்கள் வீங்கின, வயிறு கனத்தது. ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். சோதித்த மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "எத்தனை ஆண்டுகளாகக் குடிக்கிறீர்?" என்பதாகும். "நான் குடிப்பதில்லை, ஐயா" என்றார் அண்ணன். மருத்துவர் நோயாளிச் சீட்டைப் பார்த்தார். அதில் ஊரின் பெயருக்குப் பின்னால் காலனி என்று எழுதியிருந்தது. பின்னர் அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சீட்டில் நெடுநாள் மதுப்பழக்கம் உடையவர் என எழுதி, குடியை நிறுத்திவிட்டு வருமாறு கூறி அனுப்பிவிட்டார்.

அண்ணன் அதன்பின் மருத்துவமனைப் பக்கம் செல்ல மறுத்தார். அலுவலகத்தில் ஒருவரும் அச்சீட்டைப் பார்த்துவிடலாகாதே என்று அதனைக் கிழித்தெறிந்தார் என்று பின்னாளில் அண்ணியார் கூறினார். அந்நாளில் நான் மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். விடுமுறைக்கு வந்தபோது நான் அவரைத் தனியே அழைத்து, "அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள், எங்கேனும் மறைவாகக் குடிக்கின்றீர்களா?" என்று கேட்டேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீயுமா, தம்பி?" என்றார். மூன்றாண்டுகள் கழித்து அவர் மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றபோது, கல்லீரல் முற்றும் சுருங்கிப் போயிருந்தது. 2012-இல் அவர் மறைந்தார். நாற்பத்தெட்டு வயது.

அன்பர்களே! அவரைக் கொன்றது நோய் மட்டுமன்று. அறியாமையும் அவமானமும் சேர்ந்தே கொன்றன. மருத்துவரின் அறியாமை ஒன்று. என் அறியாமை மற்றொன்று. கல்லீரல் கெட்டால் அது குடியினால்தான் கெட்டிருக்கும் என்பது பொதுவான மூடநம்பிக்கை. நம் தெருவிலிருந்து வருபவன் குடிப்பவனாகத்தான் இருப்பான் என்பது சாதி தந்த மூடநம்பிக்கை. இரண்டும் ஒருவர் தலையில் ஒருசேர இறங்கும்போது, அவர் வைத்தியத்தை விட்டே விலகி ஓடுகிறார். இதனை மாற்றுவதே நான் இன்று இங்கு வந்த நோக்கம்.

கல்லீரல் என்னும் உறுப்பு

நம் உடலினுள் இருக்கும் உறுப்புகளில் மிகப் பெரியது கல்லீரல். வயிற்றின் வலப்புறம், விலா எலும்புகளுக்குக் கீழ் மறைந்திருப்பது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. நாம் உண்ணும் உணவின் சத்துகள் குடலிலிருந்து நேரே இதனிடம் வந்து சேர்கின்றன. வேண்டியதைச் சேமித்து, வேண்டும்போது உடலுக்கு வழங்கி, நஞ்சை முறித்து, பித்தநீரைச் சுரந்து, இரத்தம் உறைவதற்குரிய பொருள்களையும் ஆக்கித் தருவது இதன் தொழில். ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையும் ஒரு தொழிற்சாலையும் ஒரே கூரையின்கீழ் இயங்குவதாக எண்ணிக்கொள்ளலாம்.

நலமுள்ள கல்லீரலில் கொழுப்பு மிகக் குறைவு. கல்லீரல் உயிரணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் தேங்குமாயின் அதனைக் கொழுப்புக் கல்லீரல் என்பர். இதுவே முதல் நிலை. கொழுப்புத் தேங்கியவர்களுள் சிலருக்கு நாளடைவில் கல்லீரலில் அழற்சி உண்டாகின்றது. இது இரண்டாம் நிலை. அழற்சி ஆறும் இடங்களில் தழும்பு விழுகின்றது. இது மூன்றாம் நிலை. தழும்பு பெருகி, மென்மையான உறுப்பு முழுதும் முடிச்சு முடிச்சாக இறுகிச் சுருங்கிவிடுவது நான்காம் நிலை. அந்நிலையில்தான் நம் முன்னோர் மகோதரம் என்று அழைத்த பெருவயிறும், மஞ்சட்காமாலையும், இரத்த வாந்தியும் தோன்றும். சிலருக்குக் கல்லீரற் புற்றுநோயும் தோன்றக்கூடும்.

இந்நோயின் கொடுமை யாதெனில், முதல் மூன்று நிலைகளிலும் பெரும்பாலோர்க்கு வலியில்லை, காய்ச்சலில்லை, வேலைக்குத் தடையில்லை. சிலருக்குச் சோர்வும் வலப்பக்கத்தில் ஒரு கனமும் தோன்றலாம்; அவ்வளவே. கல்லீரல் கூக்குரலிடாத உறுப்பு. அது குரலெழுப்பும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

குடியாதவர்க்கு ஏன் வருகின்றது?

மதுவினால் கல்லீரல் கெடும் என்பது உண்மை. அதனை மறைக்கவோ குறைத்துக் கூறவோ நான் வரவில்லை. மது நம் தெருக்களில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் மது ஒன்றே காரணமன்று என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்த செய்தி.

1980-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவமனையில் யூர்கன் லுட்விக் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் இருபது நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அந்நோயாளிகளின் கல்லீரல் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால், குடியினால் கெட்ட கல்லீரலைப் போலவே தோன்றிற்று. ஆயினும் அவர்கள் குடிப்பழக்கம் உடையவர் அல்லர். அவர்களுள் பெரும்பாலோர் உடல் பருத்தவர். பலருக்கு நீரிழிவு இருந்தது. அத்தகையோரை மறைவாகக் குடிப்பவர் என மருத்துவர் ஐயுறுவது அதுவரை வழக்கமாக இருந்தது. அந்த ஐயம் தவறென்று நிறுவி, லுட்விக் அந்நோய்க்குத் தனிப் பெயர் சூட்டினார். 1980-இல் நிறுவப்பட்ட உண்மை 2007-இல் என் அண்ணனைச் சோதித்த மருத்துவரின் நினைவுக்கு வரவில்லை. மருத்துவம் பயின்ற என் நினைவுக்கும் வரவில்லை. அறிவு நூலில் இருந்தால் போதாது. நெஞ்சிலுள்ள தப்பெண்ணத்தை அது வெல்லவும் வேண்டும்.

2023-ஆம் ஆண்டு உலகின் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கூடி இந்நோயின் பெயரை மாற்றின. பழைய பெயரில் மது என்ற சொல் இருந்தது. அச்சொல் நோயாளிக்கு இழிவு தருகின்றது என்பது மாற்றத்திற்கு ஒரு காரணம். இப்போது வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்னும் பொருள்பட அதனை வழங்குகின்றனர். உணவை உடல் ஆற்றலாக மாற்றிப் பயன்படுத்தும் முறைக்கே வளர்சிதை மாற்றம் என்று பெயர். அம்முறையில் ஏற்படும் கோளாறுதான் நோயின் வேர்.

அதனைச் சற்று விளக்குகிறேன். நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றது. கணையம் இன்சுலின் என்னும் சுரப்பை அனுப்புகின்றது. இன்சுலின் தசைகளின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே செலுத்துகின்றது. உழைக்கின்ற தசை அதனை ஆவலோடு பெற்றுக்கொள்ளும். உழையாத தசை கதவைத் திறக்க மறுக்கும். கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றும். வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பும் கரைந்து இரத்தத்தின் வழியே கல்லீரலிலேயே வந்து சேரும்.

2005-இல் வெளியான ஓர் ஆய்வு இதனைக் கணக்கிட்டுக் காட்டியது. நோயுற்ற கல்லீரலில் சேர்ந்திருந்த கொழுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காடு உடற்கொழுப்பிலிருந்து வந்தது. 26 விழுக்காடு மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டு கல்லீரலே ஆக்கியது. உணவிலுள்ள எண்ணெய், நெய் முதலியவற்றிலிருந்து நேராக வந்தது 15 விழுக்காடே. ஆகவே எண்ணெயை விட்டுவிட்டேன் என்று கூறிக்கொண்டு, சோற்றைக் குவித்துண்டு, சர்க்கரை மிகுந்த தேநீரை நாளைக்கு ஆறுமுறை பருகுவோர் தம்மைக் காத்துக்கொண்டவர் ஆகார். புட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இன்னும் கேடு செய்பவை. அவற்றிலுள்ள ஒருவகைச் சர்க்கரை பெரும்பாலும் கல்லீரலிலேயே கொழுப்பாகின்றது.

நமக்கு இந்நோய் வருமா?

இது பணக்காரர் நோய், பருத்தவர் நோய், நமக்கு வராது என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு.

மேற்கு வங்கத்தின் கிராமப் பகுதி ஒன்றில் 1,911 பேரைச் சோதித்து, அதன் முடிவை 2010-இல் வெளியிட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 8.7 பேருக்கு மதுவால் வாராத இந்நோய் இருந்தது. நோய் கண்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், துல்லியமாகக் கூறின் 54 விழுக்காட்டினர், உடல் பருத்தவரும் அல்லர். தொந்தி உடையவரும் அல்லர். மெலிந்த கிராமத்து மக்களுக்கும் இந்நோய் வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றோர் ஆய்வு பூனா நகருக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் நிகழ்ந்தது. மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் அங்குப் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரக் குழந்தைகளுடன் ஒப்பிட்டு 2003-இல் எழுதினர். நம் நாட்டுக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, அந்நாட்டுக் குழந்தையின் எடை 3.5 கிலோ. நம் குழந்தையிடம் தசை குறைவு. ஆனால் தோலின்கீழுள்ள கொழுப்போ அந்த அளவிற்குக் குறையவில்லை. தாய் வயிறார உண்ணாதபோது, கருவிலுள்ள சிசு கிடைத்ததைக் கொழுப்பாகச் சேமித்துக்கொள்ளும் உடலமைப்போடு பிறக்கின்றது என்பது அறிஞர் கருத்து. பட்டினியில் உயிர்காக்கும் அந்த அமைப்பு, பின்னாளில் சோறு மிகுந்து உழைப்புக் குறைந்தால் பகையாக மாறிவிடுகின்றது.

நம் பாட்டியரும் தாய்மாரும் எதை உண்டு கருவுற்றனர்? கேழ்வரகுக் கூழும் கம்பங்களியும் அன்றாட உணவு. நெல்லுச்சோறு பண்டிகை நாளில் கண்ட பொருள். பல நாள் அதுவும் இல்லை. அத்தகைய வயிற்றில் பிறந்த நாம், ஒரு தலைமுறைக்குள் மூன்று வேளையும் அரிசி உண்ணவும், நாற்காலியில் அமர்ந்து எட்டு மணி நேரம் பணி செய்யவும் வந்துவிட்டோம். என் அண்ணன் வரலாறு இதுவே. முதல் தலைமுறையாக நாற்காலியில் அமர்ந்தவர்களே இந்நோயின் வாயிலில் நிற்கின்றவர்கள்.

இதனைக் கேட்டு, பழைய வாழ்வே நல்வாழ்வு, கூழும் கூலியுழைப்புமே நலம் தந்தன என்று எவரும் கூற முற்படுவாராயின் அதனை நான் வன்மையாக மறுப்பேன். அந்தக் கூழை நாம் விரும்பித் தெரிந்தெடுக்கவில்லை. அந்த உழைப்பும் நாம் மனமுவந்து செய்ததன்று. அது பசியும் அடிமைத்தனமும் ஆகும். அந்த வாழ்வுக்கு ஒருநாளும் திரும்ப வேண்டுவதில்லை. புதிய வாழ்வை அறிவோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நாடு முழுவதற்குமான நிலையையும் கூறிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து, 2023-இல் வெளியான பேராய்வின்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 இலட்சம் பேர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவண் அரசு, கொழுப்புக் கல்லீரல் நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. அப்போது வெளியிட்ட வழிகாட்டுதலில், நாட்டு மக்களுள் நூற்றுக்கு 9 முதல் 32 பேர் வரை இந்நோய் உடையவராக இருக்கலாம் என்று குறிப்பிட்டுள்ளனர்.

ஐந்து அளவுகள்

நோய் வாய்திறந்து பேசாதெனில் அதனை எவ்வாறு அறிவது? ஐந்து அளவுகளால் அறியலாம். இளைஞர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ஒன்று, இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளிவிட்டு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளாக இருத்தல் நலம். இரண்டு, வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை. அது 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மூன்று, இரத்த அழுத்தம். 130-க்கு 85 என்ற அளவை எட்டினாலே எச்சரிக்கை. நான்கு, இரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு. 150-க்குள் இருத்தல் வேண்டும். ஐந்து, எச்.டி.எல். எனப்படும் நல்ல கொழுப்பு. ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் மேற்பட்டு இருத்தல் வேண்டும்.

இவ்வைந்தில் ஒன்று பிழைத்திருந்தாலும் மருத்துவரிடம் கல்லீரலைப் பற்றிக் கேளுங்கள். நீரிழிவு உடையவர் கட்டாயம் கேட்க வேண்டும். வயிற்று ஸ்கேன் கொழுப்பைக் காட்டும். ஆயினும் கொழுப்புச் சிறிதளவாயின் அது காட்டாமல் விடவும் கூடும். கல்லீரல் இரத்தச் சோதனை சரியாக இருக்கின்றது என்பதனால் மட்டும் நோயில்லை என்று முடிவு செய்யலாகாது; நோய் இருந்தும் அச்சோதனை இயல்பாகக் காட்டுவதுண்டு. வயது, இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொண்டு, தழும்பு விழுந்திருக்குமா என்பதை மதிப்பிடும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய சோதனைகள் அரசு மருத்துவமனைகளிலேயே நடைபெறுவன. அத்துடன் பி, சி வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமிகள் உள்ளனவா என்றும் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று.

மற்றுமோர் உண்மை: கொழுப்புக் கல்லீரல் உடையவர்களுள் மிகுதியானோர் இறப்பது கல்லீரல் கெட்டு அன்று, மாரடைப்பு முதலிய இதய நோய்களாலேயே. ஆகவே கல்லீரலைக் காப்பவர் தம் இதயத்தையும் காத்துக்கொள்கின்றார்.

மீள வழி உண்டு

இதுவரை அச்சமூட்டும் செய்திகளையே கூறினேன். இனி நம்பிக்கையூட்டும் செய்தி. கெட்ட கல்லீரல் திருந்தக்கூடியது. முற்றிலும் சுருங்குவதற்கு முன் நாம் விழித்துக்கொண்டால், தேங்கிய கொழுப்பும் நீங்கும். தழும்பும் ஓரளவு மறையும்.

இதற்குச் சான்று கியூபா நாட்டிலிருந்து வந்தது. கொழுப்பினால் கல்லீரல் அழற்சியுற்ற 293 பேரை அங்குள்ள மருத்துவர்கள் ஓராண்டுக் காலம் உணவுக் கட்டுப்பாட்டிலும் நடைப்பயிற்சியிலும் வைத்தனர். அம்முடிவு 2015-இல் வெளியாயிற்று. தம் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அழற்சி நீங்கிற்று. நாற்பத்தைந்து பேருக்குத் தழும்பே குறைந்தது. எழுபது கிலோ எடையுள்ளவர் ஏழு கிலோ குறைத்தால் இப்பயன் கிட்டும். மூன்றரைக் கிலோ குறைந்தாலே கொழுப்புக் குறையத் தொடங்கும். பட்டினி கிடந்து ஒரு மாதத்தில் குறைக்க முயலலாகாது, அது கேடு. சிறிது சிறிதாக ஆறு மாதம், ஓராண்டு என்று குறைப்பதே முறை.

அண்மையில் மருந்துகளும் வந்துள்ளன. 2024-இலும் 2025-இலும் அமெரிக்க அரசு இந்நோய்க்கு இரு மருந்துகளை ஏற்றுக்கொண்டது. அவை தழும்பு விழுந்தோர்க்கு மருத்துவர் ஆய்ந்து தருபவை. நடைக்கும் உணவுக்கும் மாற்று ஆகா. கல்லீரலுக்கு நல்லது என்று கூறிச் சந்தையில் விற்கும் பெயர் தெரியாத பொடிகளையும் சூரணங்களையும் நம்பி விழுங்காதீர்கள். அவற்றுள் சில கல்லீரலையே கெடுப்பன.

உணவைப் பற்றிச் சில சொற்கள். தட்டில் பாதியைக் கீரைக்கும் காய்க்கும் ஒதுக்குங்கள். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் முதலியவை. எஞ்சிய கால் பங்கே சோறு அல்லது களி. சிறுதானியம் நல்லதென்று அதனையும் அளவின்றி உண்டால் பயனில்லை. இறைச்சி உண்போர்க்கே இந்நோய் வரும் என்று சிலர் கூறுவர். நம் உணவைப் பழிப்பதற்கு அதனை ஒரு கருவியாகவும் கொள்வர். மரக்கறி மட்டுமே உண்போரிடத்தும் இந்நோய் உண்டு. எதை உண்டாலும் அளவும் சமைக்கும் முறையுமே கருதத்தக்கவை. தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கி, பின் அதனையும் பாதியாக்குங்கள். ஒரு திங்களில் நாக்குப் பழகிவிடும். மதுவை அறவே விலக்குங்கள். கொழுப்பேறிய கல்லீரலுக்குச் சிறிது மதுவும் எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது போன்றது.

நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடத்தல் வேண்டும். அன்று நம் முன்னோர் பிறருக்காக நடந்தனர். இன்று நாம் நமக்காக நடப்போம்.

கழகத்திற்கு என் வேண்டுகோள்

எல்லாப் பொறுப்பையும் தனி மனிதன் தலையில் சுமத்துதல் நேர்மையன்று. இரவுப்பணி முடித்து வருகின்ற துப்புரவுத் தொழிலாளிக்கும் வண்டியோட்டிக்கும் அந்நேரத்தில் கிடைப்பது பரோட்டா ஒன்றே. நம் பெண்கள் மாலையில் அச்சமின்றி நடப்பதற்குத் தெருவில் விளக்கில்லை. பிள்ளைகள் விளையாடத் திடல் இல்லை. இவற்றைக் கேட்டுப் பெறுவதும் நோய்த் தடுப்பே ஆகும்.

நாமே செய்யக்கூடியவையும் உள. மூன்று கோரிக்கைகளை இப்பேரவையின் முன் வைக்கிறேன். முதலாவது, நம் படிப்பகத்தில் ஓர் அளவு நாடா, ஓர் எடைப்பொறி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு குறிப்பேடு ஆகியவற்றை வைப்போம். முப்பது வயது கடந்த உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை தம் அளவுகளை அதில் பதியட்டும். நம் செவிலியப் பெண்கள் அதனை ஏற்று நடத்தட்டும். இரண்டாவது, அரசின் திட்டங்களைப் பயன்படுத்துவோம். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீடுதேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். அவர்கள் நம் தெருவிற்கு வருகின்றார்களா என்று கவனிப்பதும், வாராவிடில் எழுதிக் கேட்பதும் நம் இளைஞர் கடமை. மூன்றாவது, எவரேனும் கல்லீரல் நோயுற்றார் எனக் கேட்டால், "குடித்திருப்பான்" என்னும் சொல் நம் நாவிலிருந்து வாராதிருக்கட்டும். குடித்தே நோயுற்றவராயினும் அவரும் மருத்துவம் பெற உரிமையுடையவரே. இழிவுபடுத்தினால் ஒருவரும் திருந்துவதில்லை, மறைந்துகொள்வர்.

மருத்துவர் தவறாக எழுதினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பணிவோடு, ஆனால் உறுதியோடு சொல்லுங்கள்: "ஐயா, நான் குடிப்பதில்லை. வேறு காரணம் உண்டா எனச் சோதியுங்கள். சீட்டில் உள்ளதைத் திருத்துங்கள்." இவ்வாறு கேட்கும் துணிவைத் தருவதுதானே கல்வி?

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் நீரிழிவு நோயோடு பல ஆண்டுகள் போராடியதை நீங்கள் அறிவீர்கள். 1954-இல் பல திங்கள் படுக்கையில் கிடந்தார். 1956 டிசம்பர் 6-ஆம் நாள், அறுபத்தைந்தாம் வயதில், நாகபுரியில் பௌத்தம் தழுவி இரண்டு திங்கள்கூட நிறைவுறாத நிலையில், மறைந்தார். இன்னும் பத்தாண்டுகள் அவர் வாழ்ந்திருந்தால் என்று எண்ணாதார் நம்முள் எவர்? அன்று மருத்துவம் இவ்வளவு வளரவில்லை. அவர்க்கோ தம் உடலைப் பேண ஓய்வும் இல்லை. இன்று நமக்கு அறிவும் உண்டு, வழியும் உண்டு. அவர் வழி நடப்போம் என்று கூறுகின்ற நாம், அவ்வழியில் நடக்கும் உடலைப் பேணாமல் விடலாமா?

இளைஞர்களே! இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் ஒரு நாடாவை எடுத்து உங்கள் தந்தையாரின் இடுப்பையும் தாயாரின் இடுப்பையும் அளந்து பாருங்கள். அண்ணனை, அக்காளை அளந்து பாருங்கள். மிகுதியாக இருந்தால், "குடிக்கின்றீர்களா?" என்று கேளாதீர்கள். "நாளைக் காலை நானும் உங்களுடன் மருத்துவமனைக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள். 2007-இல் நான் என் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அதுவே. நான் சொல்லத் தவறியதை நீங்கள் சொல்லுவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.